குடற்பூச்சி மருந்தில் தீராத வயிற்றுவலி: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சில் குழந்தைகள் மருத்துவச் சேவையைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்பது காகிதத்தில் உள்ள பெயர்; லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், எல்லாருக்கும் நான் 'டிரசர்'. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, பாதிப் பேர் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டோம். ஆனாலும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னமும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் பேரனுக்கு இயோசினோபிலிக் ஈசோபஜைடிஸ் என்ற உணவுக்குழாய் அழற்சி நோய் இருக்கிறது. பெயர் வாயில் நுழைய எங்களுக்கே கொஞ்ச காலம் பிடித்தது. மருத்துவர்கள் சுருக்கமாக இ.ஓ.இ. என்கிறார்கள். இதற்காக ஒரு புது மருத்துவமனை கட்டித் தரச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நிபுணர்கள் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கட்டும். ஆனால் இந்தச் சிகிச்சையில் பாதி எங்கள் ஊரில், எங்கள் அடுப்படியில், எங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. அந்தப் பாதிக்கு இன்றைக்கு யாருமே பொறுப்பில்லை. கேட்க வந்தது அதைத்தான்.

இயோசினோபில் என்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. 1879இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர், இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்த அணுவை அடையாளம் காட்டினார். உடம்பில் பூச்சி, புழு புகுந்தால் எதிர்த்து நிற்பது இதன் வேலைகளில் ஒன்று. வயிற்றிலும் குடலிலும் இது கொஞ்சம் இருப்பது சகஜம். உணவுக்குழாயில் மட்டும் இருக்கக் கூடாது. ஆஸ்துமா, கரப்பான் என்ற தோல் அரிப்பு போன்ற ஒவ்வாமை உள்ள சில பிள்ளைகளுக்கு, தினமும் சாப்பிடும் சாப்பாட்டையே பகையாக எடுத்துக்கொண்டு இந்த அணுக்கள் உணவுக்குழாயின் சுவரில் வந்து குவிந்துவிடுகின்றன. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சுவர் தடித்து, இறுகி, குழாய் குறுகிப் போகும். ஆண் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. வயிற்றிலும் சிறுகுடலிலும் பெருங்குடலிலும்கூட இதே மாதிரி நடக்கலாம்; அவை இன்னும் அரிது, இன்னும் சிக்கல்.

எங்கள் காலத்தில் ரத்தப் பரிசோதனைத் தாளில் இயோசினோபில் கூடுதல் என்று வந்தால், கை தானாகப் பூச்சி மாத்திரை டப்பாவுக்குப் போகும். வெறுங்காலோடு ஓடித் திரிந்த லயத்துப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் சரியான வைத்தியமாகவும் இருந்தது. இருமலும் இழுப்பும் சேர்ந்திருந்தால் 'ஈஸ்னோபீலியா' என்று வேறு மருந்து. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் அதே பழக்கம்தான் ஓடுகிறது. என் பேரனுக்கும் அதுதான் நடந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். அப்புறம் கேஸ்ட்ரிக் என்றார்கள். வீட்டுப் பெண்கள் குடலேற்றம் என்று எண்ணெய் போட்டுத் தடவினார்கள். எடை ஏறவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரத்தத்தில் இந்த அணு கூடாமலேயே உணவுக்குழாயில் நோய் முற்றியிருக்கலாம் என்பதை எங்கள் ஊர்க் கிளினிக் மேசையில் யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். என் பேரன் ஒரு வாய் சாதத்துக்கு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பான். இட்லியை ரசத்தில் ஊறவைத்துக் கூழாக்கினால்தான் உள்ளே போகும். ரொட்டி சானாயைத் தொடமாட்டான். கோழித் துண்டை நார்நாராகப் பிய்த்து, மென்று மென்று, கடைசியில் தட்டு ஓரத்தில் துப்பிவிடுவான். பள்ளியில் ஓய்வு நேர மணி அடித்து முடியும்போது அவன் டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். 'செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்' என்று வகுப்பாசிரியர் சொன்னார். பார்த்தால் அப்படித்தான் தெரியும். கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்க மறுக்கும், கக்கும். பள்ளி வயதில் வயிற்றுவலி, வாந்தி. பெரிய பிள்ளைகளுக்குச் சாப்பாடு நெஞ்சில் மாட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முனீஸ்வரருக்குக் கெடா வெட்டிப் பூசை போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தியில் இருந்து பிள்ளை எழுந்து போனான். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எச்சில் வழிந்து வழிந்து கப் பாதி நிறைந்துவிட்டது. மூச்சு விடுகிறான், பேசுகிறான், ஆனால் தன் எச்சிலைத் தானே விழுங்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் தண்ணீர் கொடு, வாழைப்பழம் கொடு, முதுகில் தட்டு என்கிறார்கள். எதுவும் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கறித்துண்டை எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு, ஏன் மாட்டியது என்று தேடச் சொல்லி ஒரு இளம் டாக்டரம்மா ரெஃபரல் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கடிதம் இல்லையென்றால் இன்னும் பூச்சி மருந்திலேயே இருந்திருப்போம். அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

நோயை உறுதிப்படுத்த வாய் வழியாக ஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட வேண்டும். வளையங்கள், நீளக் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். சில பிள்ளைகளுக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். அதனால் பார்வையை நம்பாமல் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்காவது சதை எடுத்து, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் இருந்து, அறிகுறிகளும் இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் இ.ஓ.இ. துணுக்கை எடுப்பவருக்கும் எண்ணுபவருக்கும் இந்த நோய் மனதில் இருந்தால்தான் இது நடக்கும். 'லேசான அழற்சி' என்று எழுதி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது.

இங்கேதான் தோட்டப்புறத்துக்கு உள்ள சிக்கல். ஒரு தடவை ஸ்கோப் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பிவிடும் நோய் இது இல்லை. பிள்ளை வலிக்கவில்லை என்று சொல்வதை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் உதவாது. மருந்தையோ சாப்பாட்டையோ மாற்றினால் 8 முதல் 12 வாரம் கழித்து மறுபடி ஸ்கோப், மறுபடி சதைத் துணுக்கு. 2006இல் சிகாகோ மருத்துவர்கள் எழுதிக் காட்டிய முறைப்படி பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் வகைகள் ஆறையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்க்கலாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கோப். கணக்குப் போட்டால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். அதனால் இப்போது பல இடங்களில் முதலில் பாலை மட்டும், அல்லது பாலையும் கோதுமையையும் மட்டும் நிறுத்திப் பார்க்கிறார்கள். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை, எந்த உணவு காரணம் என்று இந்த நோயில் நம்பகமாகச் சொல்லாது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் பெட்டாலிங் ஜெயாவிலோ பூச்சோங்கிலோ இருக்கும் குடும்பத்துக்கு ஸ்கோப் என்றால் காலையில் போய் மாலையில் திரும்புவது. எங்களுக்கு அப்படி இல்லை. மயக்க மருந்து கொடுப்பதால் பிள்ளை 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால், ஏற்கெனவே எடை ஏறாத ஒரு பிள்ளையைப் பசியோடு நடுராத்திரியில் காரில் ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் முதல் நாளே போய் ரவாங்கிலோ செந்தூலிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். சொந்தக்காரர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? நிபுணர் கிளினிக்கில் அரசாங்கம் வாங்குவது 5 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மனதார நன்றி சொல்கிறேன், இந்த உலகத்தில் பல நாட்டில் இது கிடைக்காது. ஆனால் அந்த 5 வெள்ளிக்குப் பின்னால் டோல், பெட்ரோல், தகப்பனின் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் இருக்கிறது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன பிறகும், தோட்டத்து வீட்டில் ஒரு நாள் கூலி போனால் அந்த வாரம் இடிக்கும். இதில் குடல் நிபுணர் ஒரு நாள், ஒவ்வாமை நிபுணர் வேறொரு நாள், உணவியல் நிபுணர் மூன்றாவது நாள் என்று தேதி கொடுத்தால் குடும்பம் ஒன்றிரண்டை விட்டுவிடும். முதலில் விடுபடுவது உணவியல் நிபுணர்தான். இந்த நோயில் அவர்தான் முக்கியமானவர்.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் இந்த நோய்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. குடல், ஒவ்வாமை, உணவியல், சதைத் துணுக்குப் படிப்பவர்கள் எல்லாரும் ஒரே குழுவாக ஒரு பிள்ளையைப் பார்க்கிறார்கள். கொலராடோ குழந்தைகள் மருத்துவமனையில் மயக்க மருந்தே இல்லாமல், பிள்ளை கண்ணில் வி.ஆர். கண்ணாடி மாட்டி வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் துணுக்கு எடுத்துவிடுகிறார்கள். அதே ஊரில் நூல் கட்டிய ஒரு கேப்சூலை விழுங்கவைத்து, நூலில் ஒட்டி வரும் நீரை வைத்து அழற்சியை அளக்கும் முறையும் வந்திருக்கிறது. அந்த நூல் கேப்சூல் ஆரம்பத்தில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? குடலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க! படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, அவற்றையெல்லாம் நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் எல்லாரையும் பார்க்கவைக்க மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளையை முதல் நாள் மாலையே வார்டில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஸ்கோப் தேதியை, மருந்து மாற்றும் அன்றே 12 வாரத்துக்குள் குறித்துக் கொடுத்துவிடலாம். இதற்கெல்லாம் ஒரு பேனாவும், ஒருங்கிணைக்க ஒரு தாதியும் போதும்.

மருந்துக்கு வருகிறேன். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வேலை செய்யும். அடுத்தது ஸ்டீராய்டு, ஆனால் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. இழுப்புக்கு நெபுலைசரில் ஊற்றும் புடெசோனைட் மருந்தைத் தேனிலோ வேறு கெட்டியான ஒன்றிலோ குழைத்து விழுங்க வேண்டும். உணவுக்குழாயில் பூசினாற்போல இறங்க வேண்டும் என்பதால் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. இந்தச் சீட்டைக் கொண்டுபோய் ஊரில் ஒரு மருந்து முகப்பில் நீட்டினால், 'இது இழுப்பு மருந்து, இதை எதற்கு விழுங்குகிறீர்கள்?' என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான், கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் பாட்டி இல்லை. அமைச்சிடம் எஸ்.பி.யு.பி. என்ற நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: பெரிய மருத்துவமனையில் எழுதிய தொடர் மருந்தைப் பக்கத்து அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம். இந்த நோய்க்கு இந்த மருந்தை விழுங்கும் முறையையும் அளவையும் மாவட்ட மருந்தகங்களுக்கு எழுத்தில் அனுப்பி, அந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இன்னொன்று: பல்கலைக்கழக மருத்துவமனைகள் உயர்கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. அங்கே பார்க்கப்படும் பிள்ளையின் ரிப்போர்ட் இங்கே வராது, நாம்தான் பையில் சுமக்க வேண்டும். இரண்டு அமைச்சுகளும் பேசித் தீர்க்க வேண்டியதை ஏன் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் தீர்க்க வேண்டும்?

டுபிலுமாப் ஊசியை 2022இல் அமெரிக்காவில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், 2024இல் குறைந்தது 15 கிலோ எடையுள்ள 1 வயதுப் பிள்ளைகள் வரைக்கும் இந்த நோய்க்கு அனுமதித்திருக்கிறார்கள். கேட்டால் விலை சொல்வார்கள், அதனால் நான் கேட்கவில்லை. அமினோ அமில மாவுப் பால் அப்படி இல்லை. 1995இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 10 பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது 8 பேருக்கு அறிகுறி நீங்கியது, 2 பேருக்குக் குறைந்தது. சாப்பாடுதான் காரணம் என்று உலகம் நம்பியதே அதற்குப் பிறகுதான். எதுவும் ஒத்துக்கொள்ளாத சின்னக் குழந்தைகளுக்கு அது பால் இல்லை, மருந்து. டின்னுக்கு மூன்று இலக்கத்தில் விலை. மருந்து என்றே வகைப்படுத்தி உதவித் தொகைக்குள் சேருங்கள்.

அப்புறம் சமையல். பாலை நிறுத்துங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் நல்ல தாள்தான். சீஸ், பாஸ்தா, மயோனிஸ், கேக் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் அதையெல்லாம் யார் சாப்பிடுகிறார்கள்? மோர் இல்லை, நெய் இல்லை, பாயசம் இல்லை, கோயிலில் கையில் ஊற்றும் அபிஷேகப் பால் இல்லை. தைப்பூசத்தன்று பால்குடம் தூக்கிய வீட்டில் பிள்ளைக்கு மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று அவன் கொள்ளுப்பாட்டிக்குப் புரியவைக்க அந்தத் தாள் எந்த விதத்திலும் உதவவில்லை. கோதுமையை நிறுத்தச் சொன்னபோது ரொட்டி, மீ (நூடுல்ஸ்), பிஸ்கட் நிறுத்தினோம். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று மருமகளுக்குத் தெரியும். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது யாருக்குத் தெரியும்? டப்பாவைத் திருப்பி, சின்ன எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. சாம்பார், ரசம், புளிக்குழம்பு என்று தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கிச்சாப் என்ற சோயா சாஸிலும் கோதுமை உண்டு. இப்படி ஒரு சிட்டிகை தெரியாமல் போய்க்கொண்டிருந்தால், 12 வாரம் கழித்து எடுக்கும் ஸ்கோப் 'கோதுமை நிறுத்தியும் பலனில்லை' என்று தப்பாகச் சொல்லும். மயக்க மருந்து, பயணம், கூலி எல்லாம் வீண். ஒரு பெருங்காய டப்பாவுக்காக.

பள்ளிக்கூடத்திலும் இதே பாடுதான். அரசாங்கம் கொடுக்கும் பள்ளிப் பால் திட்டமும் துணை உணவுத் திட்டமும் நல்லவை. அந்தச் சாப்பாட்டை நம்பியே அனுப்பும் வீடுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு மட்டும் பாலுக்குப் பதில் வேறு ஏதாவது கொடுக்கவும், சாப்பிடக் கூடுதலாகப் பத்து நிமிடம் விடவும் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் வேண்டும். மருத்துவமனை முத்திரை போட்ட கடிதம். பாட்டன் எழுதினால் எடுபடாது.

அரிய நோய் என்று நம் நாட்டில் சொல்வது 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோயை. மேற்கு நாடுகளில் இ.ஓ.இ. இப்போது அந்த அளவுக்கு அரிது இல்லை. இங்கே எத்தனை பிள்ளைகள் என்று எண்ணும் பதிவேட்டை ஆரம்பிக்காதவரை, 'இங்கே இல்லாத நோய்' என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு பல்லைப் பார்க்கிறது, கண்ணைப் பார்க்கிறது, உயரமும் எடையும் எடுக்கிறது. அந்தப் படிவத்தில் இரண்டு மூன்று கேள்வி கூட்டினால் என்ன? சாப்பிடத் தண்ணீர் இல்லாமல் முடியவில்லையா, இறைச்சியையும் ரொட்டியையும் ஒதுக்குகிறதா, எப்போதாவது நெஞ்சில் மாட்டியதா. ஆமாம் என்று வந்து, எடையும் ஏறாமல், ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தால், பூச்சி மாத்திரையோடு ஒரு ரெஃபரல் கடிதமும் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, பூச்சியும் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது.

உணவுத் தாளின் தமிழ் வரைவை நானே எழுதித் தருகிறேன். பெருங்காயத்தில் இருந்து பாயசம் வரை எதில் எது போடுகிறோம் என்று சொல்லச் சுங்கை சிப்புட்டில் பாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அமைச்சின் உணவியல் நிபுணர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு உட்கார்ந்து அதைச் சரிபார்த்தால், பேராக்கில் மட்டுமல்ல, கெடா, ஜொகூர் மாநிலங்களிலும் உள்ள தோட்டத்துக் குடும்பங்களுக்கும் அப்படியே அச்சடித்துக் கொடுக்கலாம். கோயில் மண்டபத்தைக் கேட்டால் தருவார்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவமனை உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்